பதின்மூன்று டிகிரி

ராயக்கோட்டை ரோட்டில் எங்கள் குளிர்கிடங்கு.
ஐந்து அறைகளில் புளி.
ஆறாவதில்
திம்மராஜ் முதலாளியின் நாற்பத்தெட்டு பாட்டில்கள்
படுத்திருந்தன.
நிற்க வைக்கக் கூடாதாம், கார்க் காய்ந்துவிடும்.

பர்கண்டி என்றதும்
மூட்டை இறக்க வந்த சென்றாயன் கேட்டான்,
பர்கூருக்கு அந்தப் பக்கமா என்று.
நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.
அவனிடம் சொல்லவில்லை.

முதலாளிக்குக் கல் வியாபாரம்.
மலையை ரொட்டி போல அறுத்துக்
கப்பலில் அனுப்பினார்.
பாக்கி வசூலிக்கப் போன இடத்தில்
யாரோ ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்து
சுண்ணாம்புக் கல்லின் வாசம் தெரிகிறதா என்றார்களாம்.
கல்லை விற்ற பணத்தில்
கல்லின் வாசத்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

அங்கே ஒரே மதில்சுவருக்குள் ஒரே திராட்சைத் தோட்டம்,
எண்பது பங்காளிகள்.
ஒருவனுக்கு நாலு வரிசைக் கொடி,
இன்னொருவனுக்கு இரண்டே வரிசை.
தோட்டத்தின் பேர் ஒன்று, பாட்டிலின் விலை வேறுவேறு.
இதை மட்டும் அவர் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.
காவேரிப்பட்டணத்து மாந்தோப்பில்
என் பங்கு பதினோரு மரம்.
பன்னிரண்டாவது மரத்தின் பாதிக் கிளை
கோர்ட்டில் இருக்கிறது.

தீபாவளிக்கு முன்னால் வருவார்.
செல்போனைப் பார்த்து ஒரு தொகை சொல்வார்:
"போன வருஷம் ஒண்ணு எண்பது. இப்ப ரெண்டு நாப்பது, வேடியப்பா.
லட்சத்துல. ஒரு பாட்டிலுக்கு."
மூடியைத் தொடமாட்டார்.
எனக்குத் தெரிந்து அவர் குடிப்பது மோர்.

என் வேலை
மணிக்கொரு தரம் நோட்டில் எழுதுவது.
பதின்மூன்று. பதின்மூன்று. பதின்மூன்று.
நாலு வருஷம், எட்டு நோட்டு.
எவரும் படிக்காத ராமகோடி.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம்
தோப்புகளில் பிஞ்சையெல்லாம் கொட்டிவிட்டு வந்த காற்று
எங்கள் டிரான்ஸ்பார்மரையும் சாய்த்தது.
ஜெனரேட்டர் நடுராத்திரி வரை இருமியது.
அப்புறம் டீசல் இல்லை.
முப்பத்தாறு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தபோது
ஆறாவது அறையில் இருபத்தொன்பது.

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஒரே ஒரு பாட்டிலின் கழுத்தில்
நெல்முனை அளவு கார்க் எழும்பியிருந்தது.
கசிந்ததை விரலால் துடைத்து நாக்கில் வைத்தேன்.
நாவல்பழமா, நனைந்த தோலா,
நல்லதா கெட்டதா,
சொல்வதற்கு இன்னொரு சொட்டு வேண்டியிருந்தது.
இல்லை.

மறுவாரம் பாப்பாரப்பட்டி மாதையன் வந்தார்.
மூன்றாம் அறை மூட்டையைப் பிரித்து
ஒரு சுளையை வாயில் போட்டார்.
கண்ணை மூடினார். துப்பினார்.
"வேர்த்திருக்கு. கிலோவுக்கு ஒன்பது ரூபாய் கம்மி."
வாதாட எவருக்கும் வாய் வரவில்லை.

ஐப்பசி மழையில் பெங்களூரிலிருந்து வந்தவர்
வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்.
லேபிளை பூதக்கண்ணாடியில் படித்தார்.
பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி
கழுத்தில் மட்டம் அளந்தார்.
துடைத்து வைத்த அந்த ஒன்றையும்தான்.
திறக்க மட்டும் கேட்கவில்லை.
திறந்தால் அது முதலீடு இல்லை,
ஒரு ராத்திரிச் சாப்பாடு.

கடைசியில் நோட்டைக் கேட்டார்.

நான் உள்ளதைத்தான் எழுதியிருந்தேன்.
பத்தொன்பது, இருபத்துநாலு, இருபத்தொன்பது,
எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டு நிறைய.
முதலாளி என் முகத்தைப் பார்த்தார்.
நான் அந்த விரலைப் பார்த்தேன்.
ஜனவரி, பிப்ரவரி, மார்ச்,
எல்லாம் பதின்மூன்று என்று இறங்கிவந்த விரல்
ஏப்ரலில் தாளைப் புரட்டியது.
இரண்டு தாள் சேர்ந்து புரண்டது.

அன்றைக்கு மூட்டை நகர்த்திய கையோடு எழுதியது.
நடுவில் புளி ஒட்டியிருந்தது.

ஒட்டியது நான் இல்லை.
பிரித்துக் கொடுத்ததும் நான் இல்லை.

"அருமையான ரெக்கார்டு" என்றார்,
கையுறையைக் கழற்றி
என் கையைக் குலுக்கினார்.
பிறகு வெகுநேரம்
கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.